காந்தி கடிகாரம் 9 கோடி ரூபாய்!

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் அடுத்து வரும் பெரிய ஊர் இராஜபாளையம். அங்கே காந்தி கலை மன்றம் இருக்கிறது. அது முன்பு குமாரசாமி ராஜாவின் வீடு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதன்மந்திரியாக இருந்தவர் அவர். சொந்த வீட்டைக் காந்தியின் பெயரால் ஊருக்குக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை.

அதே காந்தியின் பொருள்களுக்கு விலை பேசிய கதையும் உண்டு. அது நடந்தது அமெரிக்காவில், நியூயார்க் நகரில்.

2009-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி. ஏலத்துக்கு வந்தவை ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கடிகாரம். 20 ஆயிரம், 30 ஆயிரம் டாலர் கிடைக்கும் என்று ஏலக் கம்பெனி மதிப்புப் போட்டிருந்தது.

கடிகாரம் ஜெனித் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி செய்தது. வெள்ளிக் கூடு. குறித்த நேரத்தில் மணி அடிக்கும். பிரார்த்தனைக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் பொறுக்காத மனிதருக்கு ஏற்ற கடிகாரம்தான்! இந்திரா காந்தி கொடுத்த பரிசு என்பார்கள். 1947-ல் ரெயில் பயணத்தில் அது களவு போயிற்று. காந்தி வருந்தினார். சில மாதம் கழித்து, திருடியவனே கொண்டுவந்து கொடுத்து மன்னிப்புக் கேட்டானாம். பிறகு அதைப் பேத்தி முறையான ஆபாவுக்குக் கொடுத்தார் காந்தி.

திருடனுக்கு மனம் வந்தது. ஏலக்காரர்களுக்கு வரவில்லை. விற்கக் கூடாது என்று டில்லி ஐகோர்ட்டு தடை போட்டது. பொருள்களின் சொந்தக்காரரான அமெரிக்கர் ஜேம்ஸ் ஓட்டிஸ், முதலில், இந்திய சர்க்கார் ஏழைகளின் வைத்தியத்துக்கு அதிகம் செலவிட்டால் தந்துவிடுகிறேன் என்றார். கடைசி நேரத்தில், விற்க வேண்டாம் என்றே சொல்லிப் பார்த்தார். ஏலம் நிற்கவில்லை.

விலை மளமளவென்று ஏறியது. 18 லட்சம் டாலரில் சுத்தி விழுந்தது. அன்றைய கணக்கில் சுமார் 9 கோடி ரூபாய்! எடுத்தவர் சாராயத் தொழிலதிபர் விஜய் மல்லையா. மதுவிலக்குக்காக வாழ்நாளெல்லாம் போராடியவரின் கடிகாரம், மது விற்ற பணத்தில் மீட்கப்பட்டது!

மணி பார்ப்பதற்காக அந்த விலை இல்லை. இன்று கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அதைவிடச் சரியாக ஓடும். அதனுள் இருக்கும் சிறு படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. பாட்டரி மாற்றினால் போதும், சாவி கொடுக்க வேண்டியதில்லை.

மல்லையா 2016-ல், பாங்குக் கடன்களைத் தீர்க்காமல் இந்தியாவை விட்டு லண்டனுக்குப் போய்விட்டார்.