கைத்தொழில் காத்த கலை

கலை பயின்று பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்க்கு முதலில் எதிர்ப்படும் வினா, தாம் செய்த பொருளை வாங்குவார் யார் என்பதே. நமது தாம்பரத்திற்குக் கிழக்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் இவ்வினாவிற்கு ஒரு விடை உளது.

சென்னையில் 1850-ஆம் ஆண்டு தோன்றிய கலைக் கல்லூரிக்கு, 1957 முதல் தலைவராய் விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். தம் மாணாக்கர் பலர், ஓவியத்தைக் கொள்வாரின்மையால், வயிற்றின் பொருட்டு வேறு அலுவல் நாடித் தூரிகையைத் துறப்பதை அவர் கண்டார். ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். மெழுகிட்டுச் சாயந் தோய்க்கும் பட்டிக் துணியையோ பலரும் விரும்பினர். ஆதலின் கைத்தொழிலால் உணவு தேடுக, ஓவியத்தை விலைக்கென வளைக்காது வரைக என்பது அவர் காட்டிய நெறி. ஓவியர் ஒரு சங்கமாய்க் கூடினர். தம் கைவினைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்து விற்றனர். அவ்வருவாய் கொண்டு நிலமும் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அங்கே அவர்கள் வீடமைத்து வாழ்ந்தனர். காட்சிக்கூடமும் பின்னர் அமைந்தது.

இதனால் நாம் அறிவன இரண்டு. தனித்து நின்று விற்கவியலாத இளைஞர், கூடி விற்பின் நிலைபெறுவர் என்பது ஒன்று. மற்றொன்று, வாங்குவோராகிய நம்மைப் பற்றியது. இளைஞர் கைவினைக் காட்சிகளுக்குச் சென்று, வியந்து, வெறுங்கையுடன் மீள்வோர் நம்முள் பலர். வியப்பினால் உலை கொதிப்பதில்லை. சிறியதொரு துணியேனும் உரிய விலை கொடுத்துக் கொள்வோமாயின், ஓர் இளைஞர் தம் கலையை விடாது பற்றி நிற்க நாமும் துணையாவோம்.