உங்களுக்குத் தெரியுமா? நீந்தும் கூட்டம், வழுக்கும் நீர்

ஈ. கோலை பாக்டீரியா அடர்ந்து மொய்க்கும் நீர் மெதுவாக நகரும்போது, அதன் பாகுத்தன்மை (ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) பூஜ்ஜியம்வரை இறங்கிவிடும்! 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள்.

• சாதாரணமாக நுண்துகள்களைக் கலந்தால் நீர் கெட்டிப்படும். செத்த பாக்டீரியாவும் அப்படித்தான். உயிரோடு நீந்தினால் கதையே வேறு. வாலால் பின்னிருந்து உந்தி நீந்தும் இவை, தம் ஆற்றலைச் செலவழித்து நீரோட்டத்துக்குக் கைகொடுக்கின்றன.

• கிளாமிடோமோனாஸ் பாசியோ முன்னிருந்து இழுத்து நீந்தும்; அதனால் நீர் தடித்துப்போகும்.

• பெங்களூருவின் இயற்பியலாளர் ஸ்ரீராம் ராமசாமியும் சகாக்களும் இந்த வேறுபாட்டை 2004லேயே தாளில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

• அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில், ஒரு பாக்டீரியாவைவிடப் பத்து லட்சம் மடங்கு கனமான பற்சக்கரத்தை, நீந்தும் பாக்டீரியாக் கூட்டம் ஒன்று உந்திச் சுழற்றியது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்றுதான்; அவசரமில்லை!