அரிசி 30 வருஷம் கெடாது... ஆனால் கதவைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர்? - துப்பாக்கியோடு காத்திருக்கும் அமெரிக்க 'ப்ரெப்பர்கள்'!

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்வெளி. நடுவே ஒரு வேலி, ஓர் இரும்பு கேட். கேட்டில் ரைபிளோடு ஒரு காவலர். உள்ளே எட்டிப்பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. ஏனென்றால், கட்டடம் இருப்பது தரைக்குக் கீழே!

பனிப்போர் காலத்தில் அணு ஆயுத ஏவுகணையை நிறுத்திவைக்க அமெரிக்க ராணுவம் தோண்டிய குழி அது. லாரி ஹால் என்பவர் 2008-ல் அதை வாங்கி, பூமிக்கு அடியில் 15 தளங்கள் கொண்ட அபார்ட்மென்ட்டாக மாற்றினார். பெயர் 'சர்வைவல் காண்டோ'. சுமார் 75 பேர் வெளியே தலைகாட்டாமல் 5 வருஷம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு உணவும் எரிபொருளும் இருக்கும் என்பது திட்டம். மீன் வளர்க்கத் தொட்டி, நீச்சல் குளம் எல்லாம் உண்டு. ஒரு முழுத் தளத்தின் விலை 30 லட்சம் டாலர் என்று விற்கப்பட்டது.

'அப்படி என்னதான் நடந்துடும்னு இவ்வளவு பயம்?' என்று தோன்றுகிறதா? அதைத் தேடிப் போனால், பயத்தைவிட சுவாரஸ்யமான ஒரு கேள்வியில் போய் நிற்கிறோம்.

யார் இந்த ப்ரெப்பர்கள்?

அணுகுண்டு, பெருந்தொற்று, பொருளாதாரச் சரிவு, மாதக்கணக்கில் மின்வெட்டு... ஏதோ ஒன்று ஒருநாள் வரும் என்று நம்பி, அதற்காக இப்போதே சாமான் சேர்ப்பவர்களை அமெரிக்காவில் 'ப்ரெப்பர்கள்' என்கிறார்கள். 'தயாராக இருப்பவர்கள்' என்று அர்த்தம். இவர்களில் பலருடைய கனவு, நகரத்தைவிட்டு வெகு தூரத்தில், காட்டிலோ மலையிலோ ஒரு வீடு. அதன் பெயர் 'ரிட்ரீட்'.

எல்லோரும் கோடீஸ்வரர்கள் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மரத்தாலான சின்ன கேபின்தான். இன்னும் சிலர் பழைய ராணுவக் கிடங்குகளை நாடுகிறார்கள். தெற்கு டகோட்டாவில், இரண்டாம் உலகப்போர் காலத்தில் வெடிகுண்டுகளை அடுக்கிவைக்கக் கட்டிய 575 கான்கிரீட் அறைகள், இப்போது குடும்பங்களுக்குக் குத்தகைக்கு விடப்படுகின்றன.

இது இன்று நேற்றுத் தோன்றிய ஆசையும் இல்லை. 1970-களில் எண்ணெய் நெருக்கடியும் விலைவாசியும் மிரட்டியபோதே, 'நகரத்தைவிட்டு ஓடு' என்று சொல்லும் புத்தகங்கள் வந்துவிட்டன. மெல் டப்பன் என்பவர், இந்த மாதிரி வாழ்க்கைக்கு எந்தத் துப்பாக்கி தேவை என்பதற்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 2011-ல் ஜேம்ஸ் வெஸ்லி ராவ்ல்ஸ் என்ற எழுத்தாளர், ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்களையும், ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கிழக்குப் பகுதிகளையும் சேர்த்து 'அமெரிக்கன் ரிடவுட்' என்று பெயர் சூட்டினார். மக்கள்தொகை குறைவு, தண்ணீரும் விறகும் அதிகம் என்பது கணக்கு. அதை நம்பிக் குடிபெயர்ந்த குடும்பங்களும் உண்டு.

கிடங்கில் என்ன இருக்கிறது?

இந்த ஏரியாவில் இவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அரிசியையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை அரிசியை, மைலார் பையிலோ டப்பாவிலோ போட்டு, ஆக்சிஜனை உறிஞ்சும் குட்டிப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைத்து மூடுகிறார்கள். மைலார் என்றால் வேறொன்றுமில்லை, சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் போல வெள்ளி நிறத்தில் இருக்கும் கனமான பை. குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் 30 வருஷம்கூட சாப்பிடும் நிலையில் இருக்கும். கோதுமைக்கும் பயறுக்கும் இதே கணக்குதான். கொழுப்பு நீக்கிய பால் பவுடருக்கு 20 வருஷம். ஆனால், உடம்புக்கு நல்லது என்று நாம் வாங்கும் கைக்குத்தல் அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். தவிட்டில் இருக்கும் எண்ணெய்தான் காரணம்.

எவ்வளவு தேவை? மோர்மன் சபையினர் பல தலைமுறைகளாக வீட்டில் உணவு சேமிப்பவர்கள். அவர்கள் சொல்லும் அளவு, ஒரு பெரியவருக்கு மாதம் 11 கிலோ தானியம், 2 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பயறு.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1 கேலன், அதாவது 3.8 லிட்டர். 4 பேர் குடும்பத்துக்கு ஒரு வருஷம் என்றால் 5,500 லிட்டர் தாண்டும். அவ்வளவையும் கேனில் அடுக்க முடியாது. அதனால்தான் ரிட்ரீட் தேடும்போதே முதலில் கிணறோ ஊற்றோ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பெட்ரோலை சேர்த்துவைப்பதும் சுலபமில்லை. பதப்படுத்தும் திரவம் கலக்காவிட்டால் சில மாதங்களிலேயே தரம் இறங்கிவிடும்.

அடுத்த அலமாரியில்... துப்பாக்கி!

பயறு, பால் பவுடருக்கு அடுத்தபடியாக அந்த வீடுகளில் இருப்பது துப்பாக்கி. காட்டில் வாழ்பவர்களுக்கு அது வேட்டைக் கருவி, கரடி வந்தால் பாதுகாப்பு. இதில் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்காவில் அரசியலமைப்பு தந்த உரிமை. கொரோனா வந்த 2020-ல் துப்பாக்கி தொடர்பாக அங்கே நடந்த பின்னணிச் சோதனைகள் மட்டும் கிட்டத்தட்ட 3.97 கோடி. சோதனை எல்லாம் விற்பனை ஆகாது. என்றாலும், பயம் வந்தால் மக்கள் எங்கே ஓடுகிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

ஆனால், ஆள் இல்லாத காட்டு வீட்டில் துப்பாக்கியை வைப்பது சாமானைவிடப் பெரிய சிக்கல். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். திருடன் வந்தால்? வருஷத்தில் 2 வாரம் மட்டுமே ஆள் புழங்கும் கேபினில் திருடு போனால், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அந்தத் துப்பாக்கி யார் கையில் போய்ச் சேரும் என்பதும் தெரியாது. அதனால் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டகம், ஈரம் உறிஞ்சும் கருவி, தோட்டாக்களுக்குத் தனிப்பெட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. 'ஆள் இல்லாத வீட்டில் துப்பாக்கியை விட்டுவைக்கவே கூடாது' என்று சொல்லும் ப்ரெப்பர்களும் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே வைத்தால் பாதுகாப்பா? 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். வராத எதிரிக்காக வாங்கிய துப்பாக்கி, வீட்டில் மனசு உடைந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய சோகம்.

1961-ல் எழுந்த கேள்வி

சரி, கரடிக்கும் மானுக்கும் தவிர, இந்தத் துப்பாக்கிகள் வேறு யாருக்காக?

1961 ஜூலை 25. பெர்லின் விவகாரத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டு நின்ற நேரம். அதிபர் ஜான் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, அணுகுண்டு விழுந்தால் குடும்பங்கள் ஒதுங்குவதற்கான பாதுகாப்பு அறைகளைப் பற்றிப் பேசினார். தோட்டத்தைத் தோண்டிப் பதுங்கறை கட்டும் ஆர்வம் நாடு முழுக்கப் பரவியது.

அடுத்த மாதமே 'டைம்' இதழ் ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தது. குண்டு விழுந்த நேரத்தில், பதுங்கறை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைகளோடு வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? சுடலாமா? சுடுவோம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். எல். சி. மெக்ஹூ என்ற பாதிரியார், கதவை உடைத்து நுழைபவரிடமிருந்து குடும்பத்தைக் காக்க பலத்தைப் பயன்படுத்துவது நியாயமே என்று எழுத, நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. அந்த செப்டம்பரில் 'தி ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடர் இதையே ஓர் எபிசோடாக எடுத்தது. நேற்றுவரை ஒன்றாக விருந்து சாப்பிட்டவர்கள், ஒரே ஒரு பதுங்கறையின் கதவை இடித்து உடைக்கும் கதை.

60 வருஷம் தாண்டியும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. கிடங்கில் அரிசி இருக்கிறது என்று தெரிந்தால் பசித்தவர்கள் வருவார்கள். அதனால்தான் பல ப்ரெப்பர்கள் தங்கள் ரிட்ரீட் எங்கே இருக்கிறது என்று நெருங்கிய நண்பர்களிடம்கூடச் சொல்வதில்லை.

கத்ரீனா சொன்ன பதில்

அந்தக் கேள்விக்கு நிஜத்தில் ஒரு சோதனை வந்தது. 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயல் தாக்கி, நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. காவல்துறை நினைத்த நேரத்துக்கு வராது என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. மக்களிடம் இருந்த துப்பாக்கிகளைப் போலீஸார் பறிமுதல் செய்ததும் நடந்தது. இனி பேரிடர் நேரத்தில் அப்படிப் பறிக்கக் கூடாது என்று 2006-ல் சட்டமே வந்தது. ப்ரெப்பர்கள் இன்றும் முதலில் எடுத்துவைக்கும் வாதம் இதுதான்.

ஆனால், அதே நகரத்தில் அல்ஜியர்ஸ் பாயின்ட் என்ற பகுதியும் இருந்தது. அங்கே வெள்ளம் ஏறவில்லை. திருடர்கள் வருவார்கள் என்று பயந்த சில வெள்ளையர்கள், வெட்டிய மரங்களால் தெருவை அடைத்து, துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். நகரத்தைவிட்டு வெளியேற, படகுத்துறையை நோக்கி அந்த வழியாக நடந்துவந்த 3 கறுப்பின ஆண்கள் சுடப்பட்டார்கள். அவர்கள் கொள்ளையடிக்க வந்தவர்கள் இல்லை. மூவரும் உயிர் பிழைத்தார்கள். சுட்டவருக்கு 2019-ல் 10 வருஷ சிறைத்தண்டனை கிடைத்தது.

அதே நாள்களில், சொந்தப் படகை வேனில் கட்டி இழுத்துவந்து, முன்பின் தெரியாதவர்களைக் கூரைகளிலிருந்து இறக்கிய மீனவர்களும் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். 'கேஜன் நேவி' என்ற பெயர் அவர்களுக்குப் பிறகு வந்தது. அவர்களில் பலரிடமும் துப்பாக்கி இருந்திருக்கும். ஆனால், அவர்கள் எடுத்துவந்தது படகை!

எங்கள் மாடியில் நடந்தது

இதை எழுதும்போது 2015 டிசம்பர் ஞாபகம் வருகிறது. சென்னை வெள்ளத்தின்போது நான் ப்ளஸ் ஒன். எங்கள் வீடு முதல் மாடி. கீழ்வீடு மூழ்கியதும் அந்தக் குடும்பம் மேலே வந்தது. பிறகு பக்கத்து வீடும். 3 நாள், மொத்தம் 11 பேர். அம்மாவிடம் ரேஷன் அரிசி அரை மூட்டையும் ஒரு சிலிண்டரும் இருந்தன. கீழ்வீட்டுத் தாத்தாவிடம் நல்ல டார்ச் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கைக்குழந்தைக்கு வாங்கிய பால் பவுடர் இருந்தது. யாரிடமும் எல்லாம் இல்லை. ஆளுக்கு ஒன்று இருந்தது. அதனால்தான் சமாளித்தோம்.

மூன்றாம் நாள் அரிசி அடிமட்டத்துக்கு வந்தபோது, கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் அம்மாவின் முகம் மாறியதையும் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பயம் யாருக்கும் வரும். ஆனாலும், ஒவ்வொரு முறையும் அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

ப்ரெப்பர்களிலும் இதைப் புரிந்தவர்கள் இருக்கிறார்கள். 'அமெரிக்கன் ரிடவுட்' என்று பெயர் வைத்த ராவ்ல்ஸே, இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்கென்று கூடுதலாகச் சேமிக்கச் சொல்பவர்தான். ஸ்வீடன் அரசு 2018-லும் 2024-லும் வீடு வீடாக அனுப்பிய கையேட்டின் அடிப்படையும் இதேதான். முடிந்தவர்கள் முதல் சில நாள்களைத் தாங்களே சமாளித்தால், அரசின் உதவி முடியாதவர்களுக்கு முதலில் போய்ச் சேரும். அப்படிப் பார்த்தால், சேமிப்பதே பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யும் உதவி!

நம் வீட்டில் என்ன இருக்கணும்?

* ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம், குறைந்தது 3 நாளுக்குக் குடிநீர்.
* சமைக்காமல் சாப்பிடக்கூடிய அவல், பொரி, பிஸ்கட், பேரீச்சம்பழம்.
* சர்க்கரை நோய், ரத்த அழுத்த மாத்திரைகள் 2 வாரத்துக்கு.
* டார்ச், பேட்டரி, பவர் பேங்க், மெழுகுவத்தி, தீப்பெட்டி.
* ஆதார், ரேஷன் கார்டு, பத்திரங்களின் நகல் - தண்ணீர் புகாத கவரில்.
* கைச்செலவுக்குக் கொஞ்சம் ரொக்கம். கரன்ட் இல்லாதபோது யு.பி.ஐ கைகொடுக்காது.
* பக்கத்து வீட்டுக்காரர்களின் போன் நம்பர். மொபைலில் மட்டுமல்ல, பேப்பரிலும்.

இந்த மழைக்காலத்துக்கு முன்பு லிஸ்ட்டின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கலாம். செலவே இல்லாத வேலை. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டி யார், கைக்குழந்தை இருக்கும் வீடு எது என்று உங்களுக்குத் தெரியுமா மக்களே?