ஆடி விரதத்துக்காக திடீர்னு குடியை நிறுத்தலாமா? கை நடுக்கம், வலிப்பு வருவது ஏன்? முழு விளக்கம்

ஆடி பிறந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குச் செல்லும் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. மாட்டு வண்டி, டிராக்டர், வேன் என குடும்பம் குடும்பமாக வருவார்கள். மொட்டை, பொங்கல், வேப்பஞ்சேலை என வேண்டுதல்கள் நடக்கும். இதற்காக விரதம் இருக்கும் பலர், அந்த நாட்களில் மதுவைத் தொட மாட்டார்கள்.

நல்ல விஷயம்தானே என்று நினைக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் பல வருடங்களாக தினமும் குடித்துவந்த ஒருவர், ஒரே நாளில் நிறுத்தும்போது அவரது உடலில் நடப்பது வேறு. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். ஏன் இப்படி? குடிப்பழக்கம் எப்போது நோயாக மாறுகிறது? வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்? பார்க்கலாம்.

பழக்கமா, நோயா?

எப்போதாவது குடிப்பது, உடம்பும் வேலையும் கெடும் அளவுக்குக் குடிப்பது, குடிக்காமல் இருக்கவே முடியாத நிலை. இந்த மூன்றும் ஒன்றல்ல. மூன்றாவது நிலையைத்தான் மருத்துவர்கள் 'மதுச் சார்பு' என்கிறார்கள். பேச்சு வழக்கில் குடிநோய்.

இதற்குச் சில அடையாளங்கள் இருக்கின்றன. குடிக்கணும் என்ற அடக்க முடியாத உந்துதல். ஒரு கட்டிங் என்று ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போவது. முன்பு 90 மில்லியில் கிடைத்த போதைக்கு இப்போது ஒரு குவாட்டர் தேவைப்படுவது. குடிக்காவிட்டால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வருவது. மற்ற எல்லாவற்றையும்விட குடி முக்கியமாகிவிடுவது. கல்லீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தும் தொடர்வது. கடந்த ஓராண்டில் இந்த ஆறில் மூன்று இருந்தாலே அது சார்பு நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 10-வது நோய் வகைப்பாடு.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துவதாகவும், அதில் 5.7 கோடி பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் அது கூறியது. இன்னொரு தகவல்தான் அதிர்ச்சி. மதுச் சார்பு உள்ள 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்கிறார். மீதி 37 பேரை வீடும் தெருவும் 'குடிகாரன்' என்று திட்டுவதோடு சரி.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

மூளையை ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். மது, பிரேக்கை அழுத்தும். அதனால்தான் குடித்ததும் பதற்றம் குறைகிறது, பேச்சு குழறுகிறது, தூக்கம் வருகிறது. தினமும் பிரேக் அழுத்தப்பட்டால் மூளை சும்மா இருக்காது. வண்டி ஓடணுமே என்று ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதித்துப் பழகிக்கொள்ளும். ஒருநாள் மதுவை நிறுத்தினால் பிரேக் விலகிவிடும். ஆனால் ஆக்சிலரேட்டர் அப்படியே இருக்கும். வண்டி தறிகெட்டு ஓடும். இதுதான் 'விலகல் அறிகுறி'.

முதல் நாள்: கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, எரிச்சல், தூக்கமின்மை தொடங்கும்.

முதல் 2 நாட்கள்: சிலருக்கு வலிப்பு வரலாம். இதுவரை ஃபிட்ஸே வராதவருக்கும் வரும்.

2 முதல் 5 நாட்கள்: இதுதான் மிக ஆபத்தான கட்டம். நாள், இடம், ஆள் தெரியாமல் குழம்புவார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள். காய்ச்சல் ஏறும், நாடித்துடிப்பு எகிறும். சிகிச்சை இல்லாவிட்டால் மரணம்வரை போகலாம்.

இங்கேதான் சிக்கல். விரதம் இருக்கும் வீட்டில் ஒருவர் இப்படிப் பேசினால், நடுங்கினால், 'சாமி வந்திருக்கு', 'காத்து கருப்பு அடிச்சிருக்கு' என்று முடிவு செய்துவிடும் வாய்ப்பு அதிகம். அந்த ஒருநாள் தாமதமே உயிரைப் பறித்துவிடலாம். தினமும் குடித்தவர், நிறுத்தி 5 நாட்களுக்குள் வலிப்பு வந்தாலோ, குழம்பிப் பேசினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டபோது இந்தப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்தது. மது கிடைக்காமல் வார்னிஷ், ஷேவிங் லோஷன் போன்றவற்றைக் குடித்து தமிழகத்தில் சிலர் உயிரிழந்தார்கள். அது வெறும் ஆசையால் நடந்தது அல்ல. உடல் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்தது.

அப்போ விரதம் இருக்கக் கூடாதா?

தாராளமாக இருக்கலாம். 'இனி தொட மாட்டேன்' என்று அம்மன் முன் எடுக்கும் முடிவு சிகிச்சைக்கும் பெரிய பலம். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், கல்லீரல், இதய நோய் உள்ளவர் ஆகியோர் காப்பு கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க சில நாட்களுக்கு மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி ஆகியவற்றைக் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் உடல் ஓரளவு நிலைக்கு வரும்.

சிகிச்சை அதோடு முடியாது. மது மீதான ஏக்கத்தைக் குறைக்கும் மருந்து, மனநல ஆலோசனை, குடும்பத்துக்கான ஆலோசனை எல்லாம் மாதக்கணக்கில் தொடரணும். நடுவில் ஒருமுறை மீண்டும் குடித்துவிட்டால் 'எல்லாம் வேஸ்ட்' என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை, பிரஷர் போல இதுவும் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் நோய்.

ஷிப்ட் வேலையும் ஒரு குவாட்டரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரவும் பகலும் ஷிப்ட் ஓடுகிறது. உடல் வலி, தூக்கமின்மை, குடும்பத்தைப் பிரிந்து வந்த தனிமை. 'அசதிக்கு ஒரு குவாட்டர்' என்பது இங்கே சாதாரணப் பேச்சு.

கணக்குப் பாருங்கள். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஆரோக்கியமான கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம்தான் வெளியேற்றும். இரவு 11 மணிக்கு ஒரு குவாட்டரை முடித்தால், காலை 6 மணி ஷிப்டில் மெஷின் முன் நிற்கும்போதும் ரத்தத்தில் மது மிச்சமிருக்கலாம். மோர் குடித்தாலும், குளித்தாலும் இது வேகமாக வெளியேறாது. பிரஸ் மெஷினில் கை வைப்பவருக்கும், அதிகாலையில் பைக் எடுப்பவருக்கும் இது விளையாட்டல்ல. வாகனம் ஓட்டுபவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு.

மது தூக்கத்தையும் தராது. சீக்கிரம் தூங்க வைத்து, நடு இரவில் எழுப்பிவிடும். அடுத்த நாள் அசதி கூடும். அந்த அசதிக்கு மீண்டும் குடி. சுழல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

கஞ்சா, வலி மாத்திரை: இளைஞர்களுக்கு என்ன ஆபத்து?

ஆந்திர எல்லையில் உள்ள எளாவூர் சோதனைச்சாவடியில் கஞ்சா சிக்கியது என்ற செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை இந்தப் பகுதி வழியாகப் போவதுதான் காரணம். 'கஞ்சா செடிதானே, ஒண்ணும் ஆகாது' என்பது தவறு. மூளை முழுமையாக வளர சுமார் 25 வயது ஆகும். பதின்ம வயதிலேயே கஞ்சாவைத் தொடங்குபவர்களுக்கு ஞாபகமறதி, படிப்பில் நாட்டமின்மை, சந்தேக எண்ணம், காதில் குரல் கேட்பது போன்ற மனநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

இன்னொன்று, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கப்படும் வலி மாத்திரைகள். ஓபியம் வகையைப் போல வேலை செய்யும் டேபென்டடால் போன்ற மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போடுவதும் நடக்கிறது. அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு நின்றுவிடும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி தொற்றும் வரும்.

போதைப்பொருளை உட்கொள்வதும் 1985-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்த அல்லது உட்கொண்ட அடிமை, தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. போலீஸுக்குப் பயந்து சிகிச்சைக்கே போகாமல் இருக்கத் தேவையில்லை.

'தெரியாமல் கலக்கும் மருந்து' வேண்டாம்

'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். சிலவற்றில் டைசல்பிராம் இருக்கக்கூடும். அதைச் சாப்பிட்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் வாந்தி, நெஞ்சு படபடப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி எனப் பெரிய விபரீதமாகலாம். அது ஒருவர் சம்மதித்து, மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து.

மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். மதுவாலும் போதையாலும் வரும் மனநலப் பாதிப்பும் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது. சங்கிலியில் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. அடித்துத் திருத்துவது சிகிச்சை அல்ல.

நான்கே கேள்விகள்

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

1. குடியைக் குறைக்கணும் என்று எப்போதாவது நினைத்தீர்களா?
2. உங்கள் குடியைப் பற்றி மற்றவர்கள் பேசினால் கோபம் வருகிறதா?
3. குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா?
4. காலையில் எழுந்ததும் நடுக்கம் போக குடிக்க வேண்டியிருக்கிறதா?

இரண்டுக்கு 'ஆமா' என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். நான்காவதற்கு 'ஆமா' என்றால், தனியாக நிறுத்த முயல வேண்டாம்.

எங்கே போகலாம்?

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனை ஆகியவற்றின் மனநலப் பிரிவை அணுகலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் போதை மீட்பு சிகிச்சை உண்டு.

அவசர ஆம்புலன்ஸ்: 108
போதை மீட்பு தேசிய உதவி எண்: 14446
மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ்: 14416
கஞ்சா, கள்ளச்சாராய விற்பனை பற்றிப் புகார் தெரிவிக்க: 10581

குடிப்பவரிடம் போதையில் இருக்கும்போது சண்டை போடுவதால் பலன் இல்லை. காலையில், நிதானமாக இருக்கும்போது பேசுங்கள். 'நீ மாறவே மாட்ட' என்பதற்குப் பதிலாக, 'நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வர்றேன்' என்று சொல்லிப் பாருங்கள்.