பொதுப் பானையும் ஊர்க் கணக்கும்

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம் வைகுண்டப் பெருமாள் கோவில். அங்குள்ள பழைய சபா மண்டபத்துச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனுடைய 12-வது, 14-வது ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 என்று கணக்கிடுகிறார்கள். குடவோலைக் கதை நம் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஓலையில் பெயர் எழுதுவார்கள், குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள், சூது வாது அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

அதே கல்வெட்டில் நம்மவர்கள் அதிகம் நின்று கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற பட்டியல் அது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் கூடாது. அதோடு விட்டார்களா? அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், பிள்ளை, இவர்கள் பெயரும் கூடாதாம்! மாமன் செய்த தப்புக்கு மருமகன் என்ன செய்வான் என்று கேட்கத் தோன்றுகிறது. கொஞ்சம் கடுமைதான்.

ஆனால் அந்த ஊரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். தர்மவான்கள் பலர் பொன்னைச் சபையாரிடம் ஒப்படைத்திருந்தார்கள். முதலைத் தொடாமல், அதன் வட்டியில் ஏரியைத் தூர் வாருவது ஏற்பாடு. கொடுத்தவர் போய்ச் சேர்ந்து எத்தனை தலைமுறை ஆனாலும் ஏரியில் மண் ஏறக் கூடாது. ஏறினால் ஊர் பட்டினி. பஞ்சவார வாரியம் என்றும் ஒன்று இருந்தது. அது பஞ்ச காலத்தைக் கவனித்த வாரியம் என்று சிலரும், இல்லை, வரி சம்பந்தமானது என்று சிலரும் சொல்கிறார்கள். அறிஞர்கள் வழக்கில் நாம் தலையிட வேண்டாம்.

பலர் கொடுத்த பணம் ஒரே பானையில் சேர வேண்டும். கொடுத்தவரை அறியாத ஒருவனுடைய பசிக்கு அது போய்ச் சேர வேண்டும். சொல்வது சுலபம். உத்திரமேரூர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லா இதைப் பெரிய அளவில் கண்டது, தாது வருஷப் பஞ்சத்தில்.

லண்டனில் வைத்த உண்டியல்

1876-ல் மழை பொய்த்தது. சென்னை ராஜதானியில் ஜில்லா ஜில்லாவாகப் பஞ்சம் பரவியது. சிக்கனம் பார்க்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று விதித்தார். நாள் முழுதும் கல் உடைக்கிற ஆளுக்கு ஒரு ராத்தல்!

1877 ஆகஸ்டில் சென்னைப் பிரமுகர்கள் கூட்டம் கூட்டி, லண்டன் மேயருக்குத் தந்தி கொடுத்தார்கள். வைசிராய் லிட்டன் பிரபுவுக்கு இது பிடிக்கவில்லை. சர்க்கார் செய்யும் காரியத்தில் பிறர் நுழைவதா என்ற எண்ணம். ஆனாலும் மேயரின் மாளிகையில் உண்டியல் திறந்தாகிவிட்டது. லங்காஷயரிலிருந்து வந்தது, குடியேற்ற நாடுகளிலிருந்தும் வந்தது. மொத்தம் சுமார் 8,20,000 பவுன். சென்னையில் இதற்குக் காரியதரிசியாக உழைத்தவர் 'மெட்ராஸ் டைம்ஸ்' பத்திரிகையாசிரியர் வில்லியம் டிக்பி. பணத்தைப் பங்கிட்டவை 120 உள்ளூர்க் கமிட்டிகள். அதிகாரிகள், பாதிரிமார்கள், ஊர்ப் பெரியவர்கள் அவற்றில் இருந்தார்கள்.

உயிரைக் காப்பது எங்கள் பொறுப்பு, மிச்சத்தை நீங்கள் பாருங்கள் என்று சர்க்கார் எல்லை வகுத்தது. அந்த 'மிச்சம்' எது தெரியுமா? மானத்துக்கு அஞ்சிக் கல் உடைக்க வராமல் வீட்டுக்குள்ளே வாடிய பெண்கள். தாய் தகப்பனை இழந்த குழந்தைகள். மழை வந்ததும் விதைக்கு நெல் இல்லாதவன், உழ மாடு இல்லாதவன், கூரையைப் பிரித்து விற்றுத் தின்றுவிட்டவன். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது லண்டன் மேயருக்கு எப்படித் தெரியும்? ஊர்க் கமிட்டிக்குத்தான் தெரியும்.

ஒரு பெரும் குறை, காலம். முதல் பருவம் பொய்த்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத்தான் உண்டியலே திறந்தது. அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பார்கள்.

சுதந்தர இந்தியாவிலும் இப்படிப் பானை வைத்தோம். பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்காக 1948 ஜனவரியில் நேருஜி விடுத்த வேண்டுகோளில் பிறந்ததுதான் பிரதம மந்திரி தேசிய நிவாரண நிதி.

முன்கூட்டியே நிரப்பும் பானை

பசி வந்த பிறகு உண்டியல் குலுக்குவது வீண் தாமதம் என்று உலகம் உணர வெகு காலம் ஆயிற்று. 2005 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்து, 2006 மார்ச்சில் மத்திய அவசரகால நிதி ஒன்று தொடங்கியது. நாடுகள் முன்னதாகவே பணம் போட்டு வைக்கும். 'இது இன்ன நாட்டுக்கு மட்டும்' என்று முடிச்சுப் போடக் கூடாது. ஒரு பங்கு திடீர் ஆபத்துக்கு. இன்னொரு பங்கு, வருஷக் கணக்காக இழுத்துக்கொண்டே போய், பத்திரிகைகளும் மறந்துவிட்ட துயரங்களுக்கு. எனக்கு இந்த இரண்டாவது பங்குதான் பெரிதாகப் படுகிறது. பூகம்பத்துக்குக் கொடுக்கப் பத்துப் பேர் ஓடி வருவார்கள். பத்தாவது வருஷத்து அகதிக்கு யார் வருகிறார்கள்? 1983 முதல் நம் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இது தவிர, துயரம் நீளும் நாடுகளில் அந்தந்த நாட்டுக்கென்றே தனிப் பானைகளும் உண்டு. மத்திய நிதி ஐ.நா.வின் அமைப்புகளுக்குத்தான் நேராகப் பணம் தரும். நாட்டுப் பானையிலிருந்து உள்ளூர்ச் சங்கங்களும் பெறலாம். உலகத்து நிவாரணப் பணத்தில் கால் பங்காவது உள்ளூர்க் கைகளுக்குக் கூடியவரை நேராகப் போக வேண்டும் என்று 2016-ல் இஸ்தான்புல்லில் பெரிய நாடுகளும் ஸ்தாபனங்களும் ஒப்புக்கொண்டன. போனது அதில் ஒரு சிறு துளிதான்.

சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. வெளிநாட்டார் பலர் கிளம்பிவிட்டார்கள். அந்தந்தத் தெரு இளைஞர்கள் சேர்ந்து பெரிய பாத்திரங்களில் சமைத்து ஊருக்குச் சோறு போட்டார்கள். நம் பாஷையில் கஞ்சித் தொட்டி. (சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஜனங்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதில் தொடங்கிய பெயர் அது.) 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது சூடானில் நூற்றுக்கணக்கான கஞ்சித் தொட்டிகள் அணைந்தன. ஒரே கையை நம்பிய அடுப்பு அந்தக் கை விலகியதும் அணைகிறது. பல கை போடும் பானையில் ஒன்று விலகினாலும் கொஞ்சம் மிஞ்சும்.

கணக்கு விஷயம்தான் சிக்கல். பணம் தரும் நாடுகள் ரசீதும் தணிக்கையும் கேட்கின்றன. கேட்பது நியாயமே. கணக்கு வேண்டாம் என்று உத்திரமேரூர்க்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்! ஆனால் குண்டு விழும் தெருவில் வெங்காயம் வாங்கினவனிடம் முத்திரை போட்ட ரசீது கேட்டு, அவன் அனுப்பும்வரை அடுத்த தவணையை நிறுத்தி வைத்தால் அடுப்பு என்னாகும்? பராந்தகன் காலத்துச் சபையார் விதியை ஊர் நடுவே, ஊர்க்காரர்கள் வந்து உட்காரும் மண்டபத்துச் சுவரில் வெட்டி வைத்தார்கள். கணக்குக் கேட்டதும் அந்த ஊர்ச் சபைதான்.

சூடான் இளைஞர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார்கள். இன்று எத்தனை பாத்திரம் ஏறியது, எத்தனை குடும்பம் வாங்கிப் போயிற்று, கையில் என்ன மிச்சம் என்று தங்கள் தெருவுக்குத் தெரியும்படி கைபேசியில் எழுதிப் போடுகிறார்கள். பாத்திரத்தைப் படம் பிடித்தும் போடுகிறார்கள்.