பெட்டிக்குள் ஒரு மத்தாப்பு!



நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோதான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒரு சிறுமிக்குக் கப்பலிலேயே ஐந்து நாள் போய்வரும் வாய்ப்புக் கிடைத்தால் எப்படி இருக்கும்?

சிவகாசியில் ஏழாம் வகுப்புப் படித்த என் பேத்திக்கு 2023-ஆம் ஆண்டில் அந்த வாய்ப்புக் கிடைத்தது. அவள் அப்பா ஒரு பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறவர். மூன்று வருடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். சென்னையில் ஏறி, இலங்கைத் துறைமுகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம் அது. பெட்டி கட்டும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள். கூடமாட உதவும் வேலை எனக்கு.

அந்த நான்கு நாளில் நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அன்றும் இன்றும்

கப்பல் பயணம் தமிழர்களுக்குப் புதிதல்ல. வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பிறகு 'ரஜூலா' என்ற கப்பல் பல ஆண்டுகள் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிச் சென்றது. அதில் போனவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிப் போனவர்கள். டிரங்குப் பெட்டியும் பாயும்தான் அவர்களின் மூட்டை.

ஊர் சுற்றிப் பார்க்கவென்றே கப்பலில் போவது நம்மவர்களுக்கு அண்மையில் வந்த வழக்கம். 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. 2023 ஜூனில் அங்கிருந்து இலங்கைக்கும் பயணம் தொடங்கியது. அந்தக் கப்பலின் நீளம் சுமார் 211 மீட்டர். ஒன்பது ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு!

முதலில் காகிதம், பிறகுதான் துணி

வெளிநாட்டுக்குப் போகிறோம் என்றால் முதலில் வேண்டியது பாஸ்போர்ட். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ஆகவே பயணத் தேதியைப் பார்ப்பதற்கு முன், பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்று பார்க்க வேண்டும். விசா வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பேத்தி எல்லாருடைய பாஸ்போர்ட்டுக்கும் இரண்டிரண்டு நகல் எடுத்தாள். ஒன்று பெட்டிக்குள். மற்றொன்று என் அலமாரியில். "உங்ககிட்ட எதுக்கு தாத்தா?" என்றாள். "அங்கே தொலைந்துபோனால் இங்கேயிருந்து எண்ணைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?" என்றேன்.

கைப்பையில் என்ன?

கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிச் சீட்டுக் கட்டி அனுப்பிவிடுவார்கள். அவை நம் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். எனவே உடனே தேவைப்படும் பொருள்கள் கைப்பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், மருந்து, மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுடை. இவ்வளவு போதும்.

கப்பலில் சிலருக்குத் தலை சுற்றி வாந்தி வரும். ஏன் தெரியுமா? நம் காதுக்குள் உடம்பின் ஆட்டத்தை உணரும் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது, "ஆடுகிறோம்" என்று காது சொல்லும். "எதுவும் ஆடவில்லையே" என்று கண் சொல்லும். இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை என்ன செய்யும், பாவம்! அப்போது மேல்தளத்துக்கு வந்து, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் காதும் ஒத்துப்போய்விடும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் பாதியை அடி!

பேத்தி எழுதிய முதல் பட்டியலில் 64 பொருள்கள். எனக்கு மயக்கம் வராத குறை! கப்பல் எவ்வளவு பெரிதானாலும் தங்கும் அறை சின்னது. கட்டிலுக்கு அடியில் நுழையும் பெட்டிதான் நல்லது.

"ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி கேள். இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? இது கப்பலிலேயே கிடைக்குமா? இதைக் கப்பலில் ஏற்ற விடுவார்களா?" என்றேன்.

முதல் கேள்வியில் ஏழு ஜோடி செருப்பு இரண்டானது. இரண்டாம் கேள்வியில் துண்டும் தலையணையும் போயின. மூன்றாவது கேள்விதான் அவளை அழ வைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடிபட்டது. சாத்தூர் சேவும் அடிபட்டது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் தின்பண்டங்களைச் சொகுசுக் கப்பல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. கடையில் முத்திரை வைத்து விற்கும் சில பொட்டலங்களை மட்டும் சில கப்பல்களில் விடுவார்கள். அயர்ன் பாக்ஸ், வெந்நீர் வைக்கும் ஹீட்டர், மெழுகுவத்தி, ஊதுவத்தி ஆகியவற்றுக்கும் அனுமதி கிடையாது.

எல்லாம் முடிந்தது என்று பெட்டியை மூடப் போனேன். துணிகளுக்கு நடுவே ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு! கூடவே ஒரு தீப்பெட்டி.

"எதுக்கு தாத்தா அதை வெளிய எடுக்கீங்க?" என்று ஓடிவந்தாள். "மூணாம் நாள் தம்பிக்குப் பிறந்தநாள். நடுக்கடல்ல கொளுத்தணும்னு வச்சிருக்கேன்."

"கூடாதம்மா."

"நம்ம ஊர் மத்தாப்பு தாத்தா! நம்ம ஊர்க்காரங்க செஞ்சது. நாடெல்லாம் போகுது. கப்பல்ல மட்டும் போகக் கூடாதா?"

கேள்வி நியாயமானதுதான். நம் ஊர்த் தீப்பெட்டிகள் தூத்துக்குடி வழியாக வெளிநாடுகளுக்குக் கப்பலேறிப் போகத்தான் செய்கின்றன. ஆனால் எப்படிப் போகின்றன? கப்பல் சரக்கில் அபாயமானவற்றை உலகம் முழுவதும் ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பட்டாசு முதல் வகுப்பு. தீப்பெட்டி நான்காம் வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுமானம், தனி அடையாள ஒட்டு, தனிக் காகிதம், தனி இடம். எது எதற்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று பட்டியலே உண்டு. யாருக்கும் தெரியாமல் துணிகளுக்கு நடுவே போவதுதான் ஆபத்து.

"உன் அப்பா ஆலைக்குள் போகும்போது செல்போனையும் தீப்பெட்டியையும் என்ன செய்கிறார்?"

"வாசல்லயே குடுத்துட்டுத்தான் போவார்."

"கப்பல் வாசலும் அப்படித்தான்."

சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே?

"தீப்பிடிச்சா என்ன தாத்தா? சுத்திலும் கடல்தானே?" என்று தம்பி கேட்டான்.

குழந்தைகளே, கப்பல்காரர்கள் மிகவும் அஞ்சுவது தீயைத்தான். வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். கப்பலில் எங்கே ஓடுவது? தீயணைப்பு வண்டியும் வராது. தண்ணீரைக் கண்டபடி ஊற்றவும் முடியாது. 1942-இல் நியூயார்க் துறைமுகத்தில் நின்ற 'நார்மண்டி' என்ற பெரிய கப்பலில் தீப்பிடித்தது. அணைக்க ஊற்றிய தண்ணீர் உள்ளே தேங்கி, அந்தப் பாரத்திலேயே கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிட்டது!

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1944 ஏப்ரல் 14. 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்ற சரக்குக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றிருந்தது. அதில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதே கப்பலில் பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பஞ்சில் தீப்பற்றியது. சற்று நேரத்தில் கப்பலே வெடித்துச் சிதறியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14-இல் தீயணைப்புச் சேவை நாள் அனுசரிக்கிறோம்.

வெடிமருந்தும் பஞ்சும் ஒரே கப்பலில். மத்தாப்பும் துணியும் ஒரே பெட்டியில். அளவுதான் வேறு, இல்லையா?

பேத்தி ஒன்றும் பேசவில்லை. ஆலை விபத்து என்று செய்தி வந்தால் எத்தனை வீடுகளில் அன்று அடுப்பு எரியாது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கப்பலுக்கும் மத்தாப்பு உண்டு!

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இன்னொரு சேதி தெரியுமா? கப்பல்காரர்களே பன்னிரண்டு வாணம் வைத்திருப்பார்கள்" என்றேன். கண்கள் விரிந்தன.

ஆமாம்! பெரிய கப்பல் ஒவ்வொன்றும் குறைந்தது 12 பாராசூட் வாணங்களை மாலுமி அறையிலோ அதன் அருகிலோ வைத்திருக்க வேண்டும் என்பது உலக விதி. ஆபத்து வந்தால் அதை வானில் விடுவார்கள். 300 மீட்டர் உயரம் போய், சின்னப் பாராசூட்டில் தொங்கியபடி, குறைந்தது 40 விநாடி செக்கச்செவேலென்று எரியும். அந்தச் சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்சியம் உப்பு. நம் ஊர் வாணங்களில் சிவப்பு நிறத்துக்குச் சேர்ப்பதும் அதுவேதான்!

1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது வெள்ளை வாணங்களை விட்டார்கள். சற்றுத் தொலைவில் நின்ற 'கலிபோர்னியன்' கப்பலில் இருந்தவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். ஆனால் "காப்பாற்றுங்கள்" என்று பொருள் என அவர்களுக்குப் புரியவில்லை. உதவிக்கு வரவில்லை.

"கடலில் வெளிச்சம் என்றால் அது பேச்சு. யாரோ விளையாட்டுக்கு வாணம் விட்டால் தூரத்துக் கப்பல் ஆபத்தென்று நினைத்து வழி மாறி ஓடிவரும். பலமுறை ஏமாந்தால், உண்மையாகவே ஆபத்து வரும்போது வராது. 'புலி வருது' கதைதான்" என்றேன்.

பேத்தி மத்தாப்புப் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்து அலமாரியில் வைத்தாள். தீப்பெட்டி அடுப்படிக்குப் போனது. அன்றிரவு பொதிகை ரயிலில் கிளம்பினார்கள். ரயிலிலும் பட்டாசு கொண்டுபோவது குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

ஏழு குட்டை, ஒரு நெட்டை

திரும்பி வந்ததும் பேத்தி முதலில் சொன்னது நீச்சல் குளத்தைப் பற்றி அல்ல. பயிற்சியைப் பற்றித்தான்!

2012-இல் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பலருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அதன் பிறகு விதி மாறியது. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்குப் பயிற்சி தந்தாக வேண்டும். ஆபத்துச் சங்கு எப்படி ஒலிக்கும் தெரியுமா? ஏழு குட்டை ஒலி, பிறகு ஒரு நெட்டை ஒலி. கேட்டதும் அவரவருக்குக் குறித்த இடத்தில் கூட வேண்டும்.

"நான் என்ன செஞ்சேன் தெரியுமா தாத்தா? எங்க அறையிலேர்ந்து படிக்கட்டு வரைக்கும் எத்தனை கதவுன்னு எண்ணி வச்சுக்கிட்டேன். பதினாலு. புகை வந்து கண்ணு தெரியாட்டாலும் தடவிக்கிட்டே போயிடலாம்."

இதை நான் சொல்லித் தரவில்லை. பட்டாசு ஊர்ப் பிள்ளை, தானாகவே யோசித்திருக்கிறாள்! அவளுடைய பெட்டியில் எடையில்லாமல் போன பொருள் அது ஒன்றுதான்.

தம்பியின் பிறந்தநாளைக் கப்பலில் கேக் வெட்டிக் கொண்டாடினார்களாம். ஆனாலும் அன்று மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அலமாரி மத்தாப்பு வெளியே வந்தது. பருத்திச் சட்டை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கூட ஒரு பெரியவர். எரிந்த கம்பிகளைத் தம்பி ஒவ்வொன்றாக வாளியில் போட்டான். 'சுர்ர்' என்ற சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தான்.

செல்லங்களே, நீங்களும் அடுத்த பயணத்துக்குப் பட்டியல் எழுதுங்கள். கப்பலாக இருக்க வேண்டியதில்லை. பாட்டி ஊருக்குப் பஸ்ஸில் போனாலும் சரி. ஒவ்வொரு பொருளுக்கும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எத்தனை மிஞ்சுகிறது என்று பார்ப்போமா?