தொடர் நாடகமும் லயத்து விவாதமும்

கதையைக் கேட்டு மகிழ்வதோடு அமையாது, கதைமாந்தர் செய்தது நன்றோ தீதோ என்று வாதிடுதலும் தமிழ் மக்களின் பழைய வழக்கமாகும். வாலியை மறைந்து நின்று எய்தது அறமா, கண்ணகி மதுரையை எரித்தது தகுமா என்னும் வினாக்கள் பட்டிமண்டபங்களிலும் திண்ணைகளிலும் இன்றும் ஓயவில்லை. இவ்வழக்கத்தின் புதிய களமாக நம் காலத்தில் அமைந்தது தொலைக்காட்சித் தொடர் நாடகம். கற்றோர் பலர் இந்நாடகங்களைப் பொழுதைக் கொல்வன என்று கடிந்து ஒதுக்குவர். அக்கடிதலில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நாடகம் வேறு, நாடகத்தைப் பற்றி மக்கள் நிகழ்த்தும் விவாதம் வேறு. முன்னதன் தரம் தாழ்ந்ததாயினும் பின்னது பயனுடையதாக இருத்தல் கூடும். தொடர்கள் தொலைக்காட்சியினின்று இணையத் திரைக்குக் குடிபெயர்ந்து வரும் இந்நாளில், அவ்விவாதத்துக்கு நேர்வது யாது என்பதை ஊவா மலையகத்தின் நமுனுகுலப் பகுதித் தோட்டங்களை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சவர்க்கார நாடகத்தின் தோற்றம்

ஆங்கிலத்தில் இவ்வகை நாடகத்துக்குச் சவர்க்காரத்தோடு சேர்ந்த பெயரே வழங்குகின்றது. 1930ஆம் ஆண்டில் சிக்காகோ நகர வானொலி நிலையமொன்றில் இர்னா பிலிப்ஸ் என்னும் பெண் எழுத்தாளர் நாள்தோறும் தொடரும் குடும்ப நாடகமொன்றைத் தொடங்கினார். பகற்பொழுதில் வீட்டு வேலை செய்துகொண்டே வானொலி கேட்கும் இல்லத்தரசியரே அதனைக் கேட்போர். அவர்களுக்குப் பொருள் விற்க விரும்பிய புரொக்டர் அன் கேம்பிள் போன்ற சவர்க்காரக் கம்பனிகள் இத்தகைய நாடகங்களின் செலவை ஏற்றன. பெயர்க்காரணம் இதுவே. அவ்வம்மையார் உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு ஏறி, 2009 வரை நடைபெற்றது. எழுபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கதை நடந்தமை உலக இலக்கியத்திலேயே அரிய நிகழ்ச்சி எனலாம்.

இந்நாடகத்தின் இயல்பு ஒன்றை ஈண்டு நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு நாளும் கதை ஒரு முடிச்சில் நிறுத்தப்படும். வார இறுதிக்கு முந்திய நாளில் முடிச்சு இன்னும் இறுகும். அம்முடிச்சு அவிழும் வரை கேட்டோர் வாளாவிருப்பதில்லை. அடுத்து நிகழ்வதை ஊகிப்பர், ஒருத்தியைப் பழிப்பர், மற்றொருத்திக்காகப் பரிந்து பேசுவர். நாடகம் நடப்பது அரைமணி நேரமே. அது மக்கள் நாவில் வாழ்வதோ மறுநாள் முழுவதும். ஆகவே இடைவெளி என்பது இக்கலையின் குறைபாடன்று, அதன் உறுப்பு.

தமிழில் தொடரும் காத்திருப்பும்

இவ்வுண்மையைத் தமிழர் வானொலிக்கு முன்னரே பத்திரிகைத் தொடர்கதை வாயிலாக அறிந்திருந்தனர். 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வரை வாரந்தோறும் வெளிவந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று வாசகர் வாதிட்டனர். அவ்வாதம் இன்றும் முடியவில்லை. கதை நிறைவெய்தியபோது, பலருடைய வரலாறு சொல்லப்படாது நின்றுவிட்டதென்று வாசகர் குறைபட்டுக்கொண்டனர். கல்கி அக்குறைக்கு முடிவுரையொன்றில் விடையிறுத்து, மாந்தர் ஒவ்வொருவருக்கும் பின்னர் நேர்ந்ததைச் சுருங்க உரைத்தார். வாசகர் விவாதம் ஆசிரியனை மீண்டும் பேனா எடுக்கச் செய்ததற்கு இஃதொரு சான்றாகும்.

இலங்கையில் 1970களில் வானொலி இப்பணியை மேற்கொண்டது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற தொடர் நாடகங்களை மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்டனர். 1982இல் ரூபவாஹினியும், 1998இல் சக்தித் தொலைக்காட்சியும் தோன்றின. தமிழகத்தில் 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி, 1999இன் இறுதியில் ராதிகா நடித்த 'சித்தி'யை ஒளிபரப்பத் தொடங்கியபின் இத்துறை பெருகிற்று. ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கதையாகிய 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரையும், தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 பகுதிகளாகவும் நடைபெற்றன. செய்மதி வழியாக அவை கடல் கடந்து மலையகத்தையும் எட்டின. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கையின் நேரம் இந்திய நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டபின், சென்னையில் ஒரு வீட்டில் விளக்கேற்றும் மணியும் நமுனுகுலவில் ஒரு லயத்தில் விளக்கேற்றும் மணியும் ஒன்றேயாயின.

நமுனுகுலத் தோட்டங்களில் விவாதம்

'ஒன்பது சிகரங்கள்' என்று பொருள்படும் நமுனுகுல, பதுளை மாவட்டத்தில் இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலையாகும். அதன் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. மேலை நாட்டு இல்லத்தரசிக்கு உரியதாக வகுக்கப்பட்ட பகல் நேர நாடகம் இங்குள்ள பெண்ணுக்குப் பொருந்துவதில்லை. அவள் பகலெல்லாம் மலையில் கொழுந்து பறிப்பவள். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தபின், மாலையில் கொழுந்து நிறுத்து இறக்கும் வரை அவளது பொழுது தோட்டத்துக்கு உரியது. ஆதலின் பகல் நாடகம் வேலையினின்று ஓய்வுபெற்ற முதியோருக்கும், இரவு முறை முடித்து வந்த ஆலைத் தொழிலாளருக்கும் உரியதாயிற்று. அடுப்பில் உலை கொதிக்கும் முன்னிரவு நாடகமே மலைக்குச் செல்லும் பெண்களுக்கு உரியது.

நாடகம் இரவில் நடப்பினும், விவாதம் நடப்பது மறுநாட் பகலில், தேயிலை நிரைகளுக்கிடையே. அடுத்தடுத்த நிரையில் நிற்பவர் கைகள் கொழுந்து கிள்ள, வாய்கள் நேற்றைய கதையைக் கிள்ளும். அது கொழுந்து மடுவத்தில் தொடர்ந்து, மாலையில் பீலிக்கரையில் முடிவுறும். இவ்வாறு பேசுதற்குத் தேவையானது ஒன்றே: எல்லாரும் ஒரே இரவில் ஒரே பகுதியைப் பார்த்திருத்தல்.

இவ்விவாதத்தை வெறும் வம்பளப்பு என்று தள்ளுதல் பிழையாகும். திருச்செல்வம் இயக்கி 2022 பெப்ரவரி முதல் 2024 யூன் வரை ஒளிபரப்பான 'எதிர்நீச்சல்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆதி குணசேகரன் என்னும் அடக்கியாளும் தமையனும், அவன் வீட்டில் வாழ்க்கைப்பட்டு, படித்திருந்தும் தொழிலுக்கோ முன்னேற்றத்துக்கோ வழியற்ற பெண்களும் அக்கதையின் மாந்தர். அப்பெண்கள் வீட்டை விட்டு வெளியேறுவதா, உள்ளிருந்தே உரிமை கேட்பதா? அப்பத்தாவின் பேரிலுள்ள சொத்துப் பங்கு யாருக்குரியது? இவை கதையின் வினாக்கள் மட்டுமல்ல. தான் உழைத்த சம்பளம் தன் கைக்கு வருமா என்று எண்ணும் பெண்ணொருத்தி, தன் வீட்டைப் பற்றி வெளிப்படப் பேச இயலாள். குணசேகரனைப் பற்றி எவ்வளவும் பேசலாம். கதை அவளுக்கு ஒரு மறைப்பாக உதவுகின்றது. மாமியும் மருமகளும் நேருக்கு நேர் கூறத் துணியாதவற்றைக் கதைமாந்தர் மேலேற்றிக் கூறி, ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்துகொள்கின்றனர்.

அந்நாடகத்தில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆந் திகதி காலமானார். அவ்விடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். பாத்திரம் முன்னையதா, நடிகர் மாறியதால் வேறொன்றா என்னும் வாதம் எங்கும் எழுந்தது. கொடியவனாக நடித்த ஒருவருக்காக, அவனை நாடோறும் ஏசிய மக்களே கண்ணீர் விட்டமை, அவர்கள் கலையையும் வாழ்வையும் பிரித்தறியாதவர் என்னும் குற்றச்சாட்டை மறுக்கப் போதுமானது. 2024 டிசெம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோது ஜனனி பாத்திரத்துக்கும் வேறு நடிகை வந்தார். வாதம் மீண்டும் தொடர்ந்தது.

மலையக மக்களுக்கு இது புதியதன்று. மாசி மாதத்தில் பல இரவுகள் தொடர்ந்து நடைபெறும் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் தோட்டத்தின் தொடர் நாடகங்களே. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் பாட்டால் வாதிடும் லாவணி தமிழகத்தில் வளர்ந்த கலையாகும். கதையைக் கட்சி கட்டி விவாதிக்கும் மரபிலிருந்து வந்தவர்கள், தொலைக்காட்சித் தொடரையும் அவ்வாறே விவாதித்தல் இயல்பு.

இணையத் திரைக்குக் குடிபெயர்தல்

இனி, இணையத்தின் வரவை நோக்குவாம். அமெரிக்காவில் 'ஓல் மை சில்ட்ரன்', 'வன் லைஃப் டு லிவ்' என்னும் நாற்பதாண்டுத் தொடர்கள் இரண்டும் நிறுத்தப்படும் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. இரசிகர்களின் எதிர்ப்பைக் கண்ட ஹூவர் நிறுவனம் அத்தொலைக்காட்சிக்கு அளித்த விளம்பரங்களை விலக்கிக்கொண்டது. ஆயினும் அவை நிறுத்தப்பட்டன. 2013 ஏப்ரலில் அவை இணையத்தில் மீண்டும் தோன்றின. அங்கே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வேண்டியபோது பார்க்கலாம் என்ற நிலையில், பார்ப்போர் பலர் பகுதிகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கத் தலைப்பட்டனர். ஒருவர் ஒரு பகுதியிலும் மற்றவர் வேறொரு பகுதியிலும் நின்றனர். சில வாரங்களுள் தயாரிப்பாளர் வாரத்துக்கு இரண்டு பகுதிகளாகக் குறைத்தனர். அவ்வாண்டிலேயே தயாரிப்பும் நின்றது. 1965இல் தொடங்கிய 'டேய்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ்' 2022 செப்டெம்பரில் பீகாக் என்னும் இணையத் தளத்துக்கு மாறியபோது, வார நாள்தோறும் ஒரு பகுதி என்னும் பழைய ஒழுங்கைக் கைவிடவில்லை. கடிகாரத்தைத் துறந்தாலும் நாட்காட்டியைத் துறத்தலாகாது என்பது முன்னைய தோல்வி கற்பித்த பாடம் போலும்.

தமிழ்த் தொடர்களுக்கு 2015இல் ஹொட்ஸ்டாரும் 2017இல் சன் நெக்ஸ்டும் இணைய வாயில்களாயின. 2019இல் ஹொட்ஸ்டார், சந்தா செலுத்தியோர் நாடகத்தைத் தொலைக்காட்சியில் வருமுன்னரே காணும் முறையைக் கொண்டுவந்தது. முடிச்சு அவிழ்ந்ததை முன்னரே அறிந்தவர், அறியாதவர் என்று பார்ப்போர் இரு கூறாயினர். அறிந்தவர் வாய் திறந்தால் அறியாதவருக்குச் சுவை கெடும். வாய் மூடியிருந்தால் விவாதமே இல்லை.

பேறும் இழப்பும்

தோட்டப்புறத்தில் இம்மாற்றத்தின் விளைவு ஒருதலையானதன்று. இன்று லயத்தின் பிள்ளைகள் பலர் கொழும்பிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், மேற்காசிய நாடுகளின் வீடுகளிலும் வேலை செய்கின்றனர். அங்கு ஏழு மணிக்குத் தொலைக்காட்சியின் முன் அமர அவர்களுக்கு உரிமை இல்லை. வேலை முடிந்த நள்ளிரவில் கைத்தொலைபேசியில் அதே பகுதியைப் பார்த்து, மறுநாள் தாயோடு அக்கதையைப் பற்றிப் பேச இணையம் வழி செய்கின்றது. கூறுவதற்கு நற்செய்தி எதுவும் இல்லாத நாளிலும், தாயும் மகளும் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைக்கின்றது. கடிகாரத்தின் அடிமைத்தளையை அறுத்த இப்பேற்றைக் குறைத்து மதித்தல் நன்றன்று.

ஆனால் அதே கருவி அருகிலிருப்போரைப் பிரிக்கின்றது. தொலைக்காட்சிப் பெட்டி ஒரு காம்பிராவுக்கு ஒன்று. அண்டை வீட்டாரும் வந்து அமர இடமுண்டு. கைத்தொலைபேசித் திரையோ ஒருவர் கண்ணுக்கே போதுமானது. தரவுக்குப் பணம் வேண்டும். மலை மறைவில் அலை கிட்டுவதும் அரிது. சந்தாவும் கடவுச்சொல்லும் எழுத்தறியா மூதாட்டிக்கு எட்டாதவை. தொடர்கள் முற்றாக இணையத்துக்குச் சென்றால் முதலில் விவாதத்தினின்று விலக்கப்படுவோர், நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த முதிய பெண்களே. கூட்டங்களில் அவர்களுடைய கருத்தைக் கேட்போர் அரியர். லயத்து விவாதத்தில் மட்டுமே அவர்களது தீர்ப்புக்கு மதிப்பிருந்தது.

ஆகவே, தொடர் தொலைக்காட்சியில் வாழுமா, இணையத்தில் வாழுமா என்பது முதன்மையான வினாவன்று. ஒரே நாளில் ஒரே கதையைப் பலர் அறிந்திருக்கும் நிலை காக்கப்படுமா என்பதே வினா. நாள்தோறும் ஒரு பகுதி என்னும் ஒழுங்கு நிலைபெறுமாயின், இணையத்திலும் விவாதம் வாழும். தோட்டத்து நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் பெருந்திரையொன்று அமையுமாயின், சந்தா ஒன்று பலருக்குப் பயன்படும். கல்லூரி மாணவர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. தம் கைத்தொலைபேசியில் உள்ள பகுதியைப் பாட்டியின் அருகிருந்து காட்டி, அவர் கூறும் தீர்ப்பையும் அதற்கு அவர் காட்டும் காரணத்தையும் குறித்து வைப்பாராயின், காமன் கூத்து முதல் இந்நாள் வரை மலையகப் பெண்கள் அறத்தை எவ்வாறு எடைபோட்டனர் என்பதற்கு எழுதப்பெற்ற சான்று உருவாகும். அத்தகைய சான்று இன்று மிக அரிது. அதனைத் தேடிச் சேர்த்தல் கற்றார் கடனாகும்.